சொல்லும் குரலும்

'ஓம்' என்பது நம்மவர் நாவில் நாளொன்றுக்கு நூறு முறையேனும் வழங்குஞ் சொல். தமிழகத்தார் 'ஆமாம்' என்னுமிடத்து யாழ்ப்பாணத்தார் 'ஓம்' என்பர். எழுத்தை எண்ணினால் இரண்டு. மாத்திரையை எண்ணினால் இரண்டரை. பொருளை வினவினால் உடன்பாடு. அகராதிக்குத் தெரிந்தது இவ்வளவே.

ஆனால் வீட்டிலே நிகழ்வது வேறு. 'கடைக்குப் போய் வா' என்று தாய் ஏவ, மகன் கூறும் 'ஓம்' ஒன்று. அதனையே மூன்றாம் முறை அவள் ஏவ, அவன் கூறும் 'ஓம்' பிறிதொன்று. 'நாளைக்குக் கட்டாயம் தருவேன்' என்று கடன் வாங்கியவன் கூற, கொடுத்தவன் 'ஓ...ம்' என்று நீட்டுவானாயின், அஃது உடன்பாடன்று. 'உன் சொல்லை நம்பேன்' என்பதே அதன் பொருள். தொலைபேசியிலே ஒருவர் நிற்கின்றார். மறுமுனையிற் பேசுவார் கூறுவனவற்றிற்கெல்லாம் 'ஓம்... ஓம்...' என்று தாழ்ந்த குரலிற் கூறுகின்றார், வேறொன்றுங் கூறவில்லை. அடுத்த அறையில் இருந்தோர் செய்தியை அறியாமலே எழுந்து வந்து அவரைச் சூழ்ந்து நிற்கின்றனர். எங்கோ ஒரு வீட்டில் மரணம் நிகழ்ந்துவிட்டது என்பதை அவ்வீரெழுத்து அவர்களுக்கு உரைத்துவிட்டது.

உடன்பாட்டுச் சொல் ஒன்று மறுப்பையும், சலிப்பையும், சாவையும் உரைப்பது எங்ஙனம்? சொல் மாறவில்லை, குரல் மாறியது. சொல்லைக் கடந்து குரல் உணர்த்தும் இப்பொருளைப் பற்றிச் சில கூறவே யாம் புகுந்தனம். இருபதாண்டுக்கு மேலாக எழுத்தையும் சொல்லையுமே கற்பித்து வரும் எமக்கு, எழுத்திற் சிக்காத ஒன்றைப் பற்றி எழுதுவதிற் சிறிது கூச்சம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கின்றோம்.

எழுத்து என்பது ஒலியின் ஓர் எலும்புக்கூடு. மேற்காட்டிய 'ஓம்' அனைத்தையும் அஃது ஒரே வடிவில் எழுதும். நம் முன்னோர் கையாண்ட ஏட்டுச் சுவடிகளோ இன்னுஞ் சிக்கனமானவை. சொற்களுக்கிடையே வெளி இல்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. வினாக்குறியும் வியப்புக்குறியும் இல்லவே இல்லை. ஆறுமுகநாவலர் அவர்கள் (1822-1879) தம் வசன நூல்களிற் குறியீடுகளை இட்டுப் பதிப்பித்ததும், அச்சு நூல்கள் பெருகியதும் அண்மைக் காலத்துச் செய்திகள். அவற்றுக்கு முன்பு ஏட்டை எடுத்தவன் தன் குரலாலேதான் அதற்கு உயிர் கொடுக்க வேண்டியிருந்தது. வாய்விட்டுப் படித்தல் அக்காலத்தில் அழகுக்காகச் செய்யப்பட்டதன்று. பொருள் காண்பதற்கே அது வேண்டப்பட்டது.

நம் இலக்கண ஆசிரியர்கள் இதனை அறியாதவர் அல்லர். தொல்காப்பியனார் இடையியலிலே ஔகாரத்தைப் பற்றிக் கூறுமிடத்து, அஃது அளபெடுத்து வரும்போதும் அளபெடாது வரும்போதும் பொருள் வேறுபடும் என்றும், அவ்வேறுபாடு குறிப்பின் இசையாலே தோன்றும் என்றும் கூறிச் செல்கின்றார். 'குறிப்பின் இசை' என்னும் அத்தொடரை மாணவர் மனத்திற் பதித்தல் வேண்டும். சொல்லுவோன் உள்ளக் குறிப்பு ஓசையில் ஏறிப் பொருளையே மாற்றும் என்பதை இரண்டு சொல்லில் அடக்கிய தொடர் அது. உரையாசிரியன்மாரும் எடுத்தல், படுத்தல், நலிதல் என ஓசையை வகுத்து, ஒரே வடிவுடைய சொல் பெயரோ வினையோ என்பதைக் கூறும் ஓசை கொண்டு துணிந்தனர். நன்னூலாரோ இசை, விளி, பண்டமாற்று முதலியவற்றில் உயிரும் ஒற்றும் தமக்குரிய மாத்திரையைக் கடந்து ஒலிக்கும் என்றார். பண்டமாற்று என்றால் யாது என்று மாணவர் வினவும்போது, காலை வேளையில் ஒழுங்கையிலே துவிச்சக்கரவண்டியில் வரும் மீன்காரரின் கூவலை நினைவூட்டுவோம். 'மீன்' என்பதில் உள்ள ஈகாரம் இரண்டு மாத்திரையோ இருபது மாத்திரையோ என்று எண்ணிச் சொல்லும்படி கேட்போம். வகுப்பு சிரிக்கும், சூத்திரமும் மனத்தில் நிற்கும்.

இனி, உள்ளத்தில் எழும் உணர்ச்சி குரலிற் படிவது எவ்வாறு என்பதைக் காண்போம். உந்தியினின்று எழும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றின் தொழிலால் வேறுவேறு எழுத்தாய்ப் பிறக்கும் என்று பிறப்பியல் கூறும். மிடற்றினுள்ளே நிகழ்வதைக் கண்ணாற் காணும் வழி நெடுங்காலம் தெரியாதிருந்தது. 1854இல் மனுவேல் கார்சியா என்பார் சிறிய ஆடி ஒன்றைத் தம் தொண்டையினுட் செலுத்தி, சூரிய ஒளியை அதிற் பாய்ச்சி, தம் குரல்நாண்கள் அசைவதைத் தாமே கண்டார். மறு ஆண்டில் அதனை இலண்டன் றோயல் சங்கத்துக்கு அறிவித்தார். அவர் மருத்துவரல்லர், பாட்டுக் கற்பிக்கும் ஆசிரியர். ஆசிரியத் தொழில் பூண்ட எமக்கு இச்செய்தியில் ஒரு தனி மகிழ்ச்சி.

குரல்வளையுள் இரு மெல்லிய மடிப்புக்கள் எதிரெதிரே உள. நுரையீரலினின்று வரும் காற்று அவற்றை விலக்கிக்கொண்டு வெளிப்பட, அவை மீண்டும் பொருந்தும்; இங்ஙனம் திறந்தும் மூடியும் அதிர்வதே குரலொலிக்கு மூலம். ஆடவர் இயல்பாய்ப் பேசும்போது அவை விநாடிக்கு ஏறத்தாழ 100 முதல் 125 முறை வரை அதிரும். பெண்டிர்க்கு ஏறத்தாழ 200 முறை. பச்சிளங் குழவியின் அழுகையிலோ 400 முறைக்கும் மேல். விஞ்ஞான நூலார் மீடிறன் என்பது இதனையே. நாண்கள் இழுத்து இறுக்கப்படின் குரல் உயரும், தளரின் தாழும். வீணையின் முறுக்காணியைத் திருகுவார்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

அந்த முறுக்காணியைத் திருகுவது யார் என்பதே இங்குள்ள வினா. சொல்லைத் தேர்வதும் அடுக்குவதும் நம் விருப்பத்தின்பாற்படும். குரல்வளையோ முற்றும் நம் ஆணைக்கு அடங்கியதன்று. அச்சம் தோன்றியவுடன் நெஞ்சு விரைந்து துடிக்கின்றது, மூச்சுக் குறுகுகின்றது, வாயில் நீர் வற்றுகின்றது, உடலின் தசைகள் இறுகுகின்றன. குரல்வளையின் தசைகளும் உடன் இறுகுதலால் குரல் உயர்ந்து நடுங்குகின்றது. துயரில் தசை தளரும், மூச்சு மெலியும், குரல் தாழ்ந்து மெல்ல நடக்கும். அழுகையை அடக்க முயல்வோனுக்குத் தொண்டையிலே கட்டி ஒன்று நிற்பது போலத் தோன்றும்; மூச்சை மிகுதியாக உள்வாங்குதற்பொருட்டுக் குரல்வளையின் வாயில் திறந்து நிற்க முயல, விழுங்குதற்கும் பேசுதற்கும் அது மூட முயல, அவ்விரண்டிற்கும் நிகழும் போராட்டமே அது. புன்னகையும் காதிற்குத் தெரியும். இதழ்கள் விரிய வாயின் நீளம் குறுகி ஒலியின் நிறம் மாறுதலின், தொலைபேசியிற் பேசுவார் சிரித்த முகத்தராய் உள்ளாரா என்பதைக் கேட்டே அறியலாம்.

குரல்வளையை இயக்கும் நரம்புகள் மூளையினின்று இறங்கும் பத்தாம் நரம்புச் சோடியின் கிளைகள். இதயத்துக்கும் இரைப்பைக்கும் கிளை விடுவதும் அந்நரம்பே. இடப்பக்கக் கிளை நேரே குரல்வளைக்குச் செல்லாமல் மார்பினுள் இறங்கி, இதயத்தினின்று எழும் பெருநாடியை வளைந்து, மீண்டும் மேலேறிக் குரல்வளையை அடைகின்றது. 'நம் குரல் இதயத்தைச் சுற்றி வருகின்றது' என்று மேடையிலே கூறினால் கைதட்டுக் கிடைக்கும். யாம் அங்ஙனங் கூற மாட்டோம். கருவிலே கழுத்து நீண்டு இதயம் கீழிறங்கியபோது நரம்பும் உடன் இழுபட்டதே அதற்குக் காரணம். உணர்ச்சிக்கும் அவ்வளைவுக்கும் தொடர்பில்லை. அழகிய பொய்களை மாணவர்க்குக் கற்பித்தல் தமிழாசிரியர்க்கு எளிது, ஆகலின் இவ்வெச்சரிக்கை.

குரலைப் பற்றி எமக்கு முதலிற் கற்பித்தவர் எழுதப் படிக்க அதிகம் அறியாத எம் அம்மம்மா. 1990 முதல் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மின்சாரம் இல்லை, பற்றரி கிடைத்தற்கரிது. தொலைபேசி என்பது கதையிற் கேட்ட பொருள். ஜேர்மனியிலிருந்த எம் மாமா 1993இல், கொழும்பு வழியாய் வந்த ஒருவர் கையில் ஒரு கடிதமும் ஒரு கசெற்றும் அனுப்பியிருந்தார். துவிச்சக்கரவண்டியைத் தாங்கியில் நிறுத்தி, அதன் டைனமோவினின்று கம்பி இழுத்து வானொலிப் பெட்டியிற் பொருத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றுவது அக்காலத்து முறை. அப்பணி 12 வயதினராயிருந்த எமக்குக் கிடைத்தது.

கை சோர்ந்து சுழற்சி குறையுந்தோறும் நாடா மெல்ல நகரும். மாமாவின் குரல் தடித்துத் தாழ்ந்து இழுபடும். அவர் அழுவது போலவே கேட்கும். அம்மம்மா பதறி, "மோனை, ஒரே சீராய்ச் சுத்து, நீ இழுத்து இழுத்துச் சுத்த அவன் அழுகிற மாதிரிக் கிடக்கு" என்றார். யாமும் கையை மாற்றிச் சீராகச் சுழற்றினோம். குரல் தெளிந்தது. தாம் சுகம் என்றும், வேலை நன்று என்றும், ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம் என்றும் மாமா கூறினார். கடிதத்தில் இருந்தவையும் அவையே. எம் அன்னையார் மகிழ்ந்தார். அம்மம்மா மட்டும் மகிழவில்லை. "திருப்பிப் போடு" என்றார். மீண்டும் கேட்டார். பின்பு, "பிள்ளைக்கு ஏதோ நடந்திருக்கு" என்றார். "சுகம் எண்டு சொல்ல முன்னம் ஒவ்வொருக்காலும் மூச்சு எடுக்கிறான்" என்பதே அவர் காட்டிய சான்று. எமக்கு அது கேட்கவேயில்லை. மூன்றாம் முறை கேட்டபோது கேட்டது.

2003இல், பாதை திறந்திருந்த காலத்தில் மாமா ஊர் வந்தார். பேச்சினிடையே அக்கசெற்றைப் பற்றி யாம் வினவ, அவர் சற்றுநேரம் வாளாவிருந்தார். அதனைப் பதிவு செய்தற்கு முதல்நாள்தான் அவருடைய அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதென்றும், இருந்த வேலையும் போய்விட்டதென்றும் கூறினார். அப்பொழுது அம்மம்மா காலமாகி நான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன.

பின்னாளில் இதை ஆராய்ந்து பார்த்தபோது அம்மம்மா செய்ததன் அருமை எமக்கு விளங்கிற்று. நாடாவின் தளர்ச்சியால் வந்த தாழ்குரலும் துயரின் தாழ்குரலும் காதிற்கு ஒன்றே போல்வன. முன்னது பொறியின் பிழை என்று அவர் ஒதுக்கினார்; ஒதுக்கியபின் எஞ்சியதைக் கேட்டார். எஞ்சியது சுருதி அன்று, மூச்சு. மேலும், சொல்லும் குரலும் முரணியவிடத்து அவர் சொல்லைக் கைவிட்டுக் குரலையே நம்பினார். நம்மில் யாவரும் அவ்வாறே செய்கின்றோம். 'கோபம் இல்லை' என்று பல்லைக் கடித்துக்கொண்டு கூறுவாரை எவர் நம்புவர்?

குரலின் இக்குறிப்பு பிறவியில் வருவதா, பழக்கத்தில் வருவதா என்பது அடுத்து எழும் வினா. நம் கோயில்களில் நிகழும் புராணபடனத்தை நினைத்துப் பார்க்கலாம். ஒருவர் செய்யுளை இசையுடன் வாசிப்பர்; மற்றொருவர் பயன் சொல்லுவர். கந்தபுராணத்திலே பானுகோபன் இறந்தமை கேட்டுச் சூரபன்மன் புலம்பும் இடம் வரும்போது, வாசிப்பவர் முகாரியிலே இழுப்பர். பயன் சொல்பவர் வாய் திறக்குமுன்பே மண்டபத்தின் ஓரத்திலிருக்கும் முதிய பெண்டிர் சேலைத் தலைப்பாற் கண்ணைத் துடைப்பதை யாம் சிறுவயதிற் பலமுறை கண்டுளோம். அச்செய்யுளின் சந்தி பிரித்துப் பொருள் கூறுமாறு கேட்டால் அவர்கள் அறியார். அரக்கன் அழுகின்றான் என்பதும், அவன் பிள்ளையைப் பறிகொடுத்த தந்தை என்பதும் அவர்களுக்குத் தெரியும். எனினும், முகாரி துயரப் பண் என்பது நம் நாட்டுப் பழக்கம். அதைக் கேட்டறியாத ஒருவர்க்கும் அது கண்ணீர் தருமா என்று வினவினால் யாம் தயங்குவோம்.

பண்ணை விட்டு, சிரிப்பு, விம்மல், அலறல் என்னும் வெற்றொலிகளை எடுத்துக்கொண்டு 2010இல் வெளியான ஆய்வொன்று இதற்கு ஓரளவு விடை தருகின்றது. ஆபிரிக்காவில் நமீபியா நாட்டின் வடபுறத்தே வெளியுலகத் தொடர்பு குறைவாய் வாழும் ஹிம்பா மக்களையும் ஆங்கிலேயரையும் டிசா சோட்டர் என்பாரும் அவர் குழுவினரும் ஆராய்ந்தனர். ஒரு சிறு கதையைக் கூறி, இரண்டு ஒலிகளைக் கேட்பித்து, கதைக்குப் பொருந்துவது எது என்று வினவினர். சினம், அருவருப்பு, அச்சம், துயர், வியப்பு, நகை ஆகியவற்றை ஒரு சாரார் குரலில் மறுசாரார் கண்டுகொண்டனர். ஆனால் வெற்றிக் களிப்பு, ஆறுதல் போன்ற இன்ப உணர்ச்சிகளின் ஒலிகளை அவ்வாறு இருபுறத்தாரும் கண்டுகொள்ளவில்லை. துன்பத்தின் குரல் உலகிற்குப் பொது. இன்பத்தின் குரலிற் பெரும்பகுதி ஊருக்கு ஊர் வேறு என்பது போலும்! சிரிப்பு மட்டும் பொதுவில் நிற்கின்றது.

இன்னொன்று எம்மை இதனினும் வியப்பிற் போட்டது. 2009இல் ஜேர்மனிய ஆய்வாளர், பிறந்து மூன்று முதல் ஐந்து நாளேயான 30 பிரெஞ்சுக் குழவிகளினதும் 30 ஜேர்மனியக் குழவிகளினதும் அழுகையைப் பதிவு செய்து ஒப்பிட்டனர். பிரெஞ்சுக் குழவிகளின் அழுகை தாழ்விலிருந்து மேலேறும் போக்கினதாகவும், ஜேர்மனியக் குழவிகளின் அழுகை உயர்விலிருந்து கீழிறங்கும் போக்கினதாகவும் இருந்தன. தாய்மொழியின் ஏற்ற இறக்கத்தைக் கருவிலேயே கேட்டுப் பிறந்த குழவி, ஒரு சொல்லும் அறியுமுன்னர் அதன் ஓசையில் அழத் தொடங்குகின்றது. பிறந்து மூன்று நாளுக்குட்பட்ட குழவி பிற பெண்டிர் குரலினும் தன் தாயின் குரலையே விரும்பும் என்பது அமெரிக்காவில் 1980இல் நிறுவப்பட்டது. தாயின் குரலைக் கேட்டற்பொருட்டு அது தான் சூப்பும் முறையையே மாற்றிக்கொண்டதாம். ஆகவே இயற்கையோ பழக்கமோ என்ற வினாவுக்கு, பழக்கம் பிறப்பதற்கு முன்னரே தொடங்கிவிடுகின்றது என்பதே விடை. தாலாட்டிலே பொருளற்ற ஒலிகள் மிகுந்து வருவதை எண்ணி, 'இதனைப் பாடத்தில் ஏன் சேர்த்தனர்' என்று வினவும் மாணவர்க்கும் இது விடையாகும். தாலாட்டு முதன்முதலிற் கொடுப்பது குரலை. சொல் பின்பு வரும்.

குரல் இவ்வளவு வல்லதாயின் சொல் எதற்கு என்று எவரேனும் வினவலாம். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடு எட்டென்றும், ஒவ்வொன்றும் நந்நான்கு பொருள் பற்றிப் பிறக்கும் என்றும் வகுத்தார். அழுகைக்கு அவர் கூறும் நிலைக்களங்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. அயல்வீட்டில் ஒருத்தி அழும் குரல் கேட்கின்றது. அழுகை என்று அறிகின்றோம். அதன் கடுமையையும் அறிகின்றோம். அவமதிக்கப்பட்டதனாலோ, ஒருவரை இழந்ததனாலோ, தளர்ச்சியாலோ, அடுப்பில் உலையேற்ற வழியில்லாமையாலோ என்பதைக் குரல் கூறாது. சென்று கேட்டே அறிதல் வேண்டும். யாது உணர்ச்சி, எவ்வளவு உணர்ச்சி என்பவை குரலின் ஆட்சி; எதனால் என்பது சொல்லின் ஆட்சி. நம் பெண்டிர் செத்தவீட்டில் ஒருவரையொருவர் தோளிற் கட்டிக்கொண்டு ஒப்புச் சொல்லி அழும் ஒப்பாரியிலே இவ்விரண்டும் கூடுகின்றன. இழந்தவர் யார், அவர் செய்த நன்மை யாது, இனி இவ்வீட்டின் கதி யாது என்று சொல் கூறிச் செல்ல, ஒவ்வோரடியின் இறுதியிலும் சொல் முடிந்து குரல் மட்டும் நீள்கின்றது. கேட்போர் உடைவது பெரும்பாலும் அந்த நீட்சியிலேதான்.

ஒரே உணர்ச்சிக்கு ஒரே குரல் என்று கருதுவதும் பிழை. சினத்திற் கத்துவாரும் உளர். சினம் முற்ற முற்றக் குரல் தாழ்ந்து குளிர்வாரும் உளர். பின்னவருக்கே மாணவர் அதிகம் அஞ்சுவர் என்பதைப் பழைய மாணவர் அறிவர். எவரை நினைத்து இதை எழுதுகின்றோம் என்பதையும் சிலர் ஊகிப்பர்! துயரும் அவ்வாறே: வாய்விட்டு அலறும் துயர் ஒன்று, குரல் கிணற்றடியினின்று வருவது போல ஒடுங்கும் துயர் ஒன்று.

குரல் பொய் சொல்லாது என்று கூறுவார் கூற்றும் முழுதும் உண்மையன்று. 'கூலிக்கு மாரடித்தல்' என்னும் பழமொழி சும்மா எழுந்ததன்று. நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்களின் மயான காண்டத்தைக் கண்ட மூத்தோர், கதை முழுவதும் மனப்பாடமாய்த் தெரிந்திருந்தும் விடிய விடிய இருந்து அழுததை இன்றும் கூறுவர். அரிச்சந்திரன் மகனை மீண்டும் பெறுவான் என்பது அவர்கள் அறியாததா? அறிந்தும் அழுதனர். கலைஞன் குரல் பொய்யெனின், அப்பொய்க்கு உருகாதார் கலையை அறியார். ஆனால் கலைஞன் அதற்கென மூச்சையும் மிடற்றையும் பல்லாண்டு பயிற்றுகின்றான். பயிற்சியற்ற நாம் நம் துயரை மறைக்க முயலும்போது மூச்சு நம்மைக் காட்டிக்கொடுக்கின்றது.

இத்துணையும் கூறியபின், எம் வகுப்பறையில் நிகழ்ந்த ஒன்றைக் கூறாதொழிதல் நேர்மையன்று. 1959இல் அமெரிக்க ஆய்வாளர் டேவிற்சு என்பார், சிலரை ஆங்கில நெடுங்கணக்கின் எழுத்துக்களை மட்டும் ஒவ்வோர் உணர்ச்சி தோன்றச் சொல்லுவித்து, கேட்போர் அவ்வுணர்ச்சியைக் கண்டுகொள்வரோ எனச் சோதித்தார். தற்செயலாய்க் கூறத்தக்க அளவினும் மிகுதியாகவே கண்டுகொண்டனர். அதனைப் படித்த யாம், பத்தாந் தர வகுப்பிலே மெய்ப்பாட்டைக் கற்பிக்குங்கால் அம்முறையைக் கையாண்டோம். எட்டுச் சீட்டுகளில் எட்டு மெய்ப்பாட்டின் பெயர்களை எழுதினோம். சீட்டை எடுத்தவன் அதனைப் பிறர்க்குக் காட்டாமல் 'அ, ஆ, இ, ஈ' என்று உயிரெழுத்துக்களை அம்மெய்ப்பாடு தோன்றச் சொல்லுதல் வேண்டும். ஏனையோர் கண்டுபிடித்தல் வேண்டும். கண்டுபிடித்தால் கரும்பலகையில் அவன் பெயருக்கு நேரே 'சரி', இன்றேல் 'பிழை'.

வகுப்பு கலகலத்தது. வெகுளியை எடுத்தவன் ஒள வரை செல்லுமுன்பே பிடிபட்டான். இளிவரல் எவர்க்கும் பிடிபடவில்லை. பின்வரிசையில் இருந்த ஒரு மாணவன் வந்து சீட்டை எடுத்தான், படித்தான், 'அ' என்று தொடங்கி ஒரே சீராகச் சொல்லி முடித்தான். குரல் உயரவுமில்லை, உடையவுமில்லை. வகுப்பு முழுவதும் ஒருமுகமாய், "அழுகை" என்றது. சீட்டை வாங்கிப் பார்த்தோம். 'உவகை' என்றிருந்தது. மாணவர் சிரித்தனர். யாமும் சிரித்து, அவன் பெயருக்கு நேரே 'பிழை' என்று எழுதினோம். அவனும் சிறிது சிரித்தாற்போல் இருந்தது, இடத்திற்சென்று அமர்ந்தான்.

அவனுடைய தந்தையார் முதல்நாள் இரவு வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார் என்பதும், தாயார் அங்கிருக்க, அவன் தங்கையைப் பாடசாலையிற் கொண்டுபோய் விட்டுவிட்டு வகுப்புக்கு வந்திருந்தான் என்பதும் இரண்டு நாள் கழித்தே எமக்குத் தெரிய வந்தன. எதனால் என்பதை அவ்வகுப்பு அறியவில்லை; யாது என்பதைப் பிழையின்றி அறிந்து கூறிற்று. சீட்டை நம்பிக் காதை நம்பாதவர் அவ்வறையில் ஒருவரே.

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையின் தமிழ்மொழி வினாத்தாள் கையெழுத்தைக் காணும், குரலைக் கேளாது. ஆகவே வாய்விட்டு வாசித்தல் மேல்வகுப்புகளில் அருகிவிட்டது. ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டல் அதனினும் அருகிவிட்டது. கடல்கடந்து வாழும் பழைய மாணவர் பலர் வீட்டுக்கு அனுப்பும் செய்தியும் இப்பொழுது விரலால் எழுதப்பட்டு, மஞ்சள் முகம் ஒன்றுடன் முடிகின்றது. குரற்பதிவாக அனுப்புவோர் சிலரே; அவர்தம் தாய்மார் அதனை எத்தனை முறை கேட்கின்றனர் என்பதை ஊரிலிருக்கும் யாம் அறிவோம்.

அம்மாணவனைப் பற்றிய செய்தி முழுவதையும் கூறிவிடுகின்றோம். மறுவாரம் நடைபாதையில் அவனைக் கண்டு, "அப்பாவுக்கு இப்ப எப்படி?" என்று வினவினோம். "சுகம், சேர்" என்றான். அச்சொல்லுக்கு முன் ஒரு மூச்சு இருந்தது. அன்று மாலை பாடசாலை விட்டபின், அவன் வீட்டுக்குச் சென்றோம்.